சம்மதம் யாருடையது?
டாக்டர் ருக்மாபாயின் வாழ்க்கை வரலாறு



தை பிறந்துவிட்டால் நம் கோவிலில் ஓலை வாசிப்புத் தொடங்கிவிடும். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை என்று ஞாயிறுதோறும் பூசையில் கேட்கிறீர்கள். ஓலை வாசிக்கும் முன்பே மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனித்தனியே அழைத்துச் சில கேள்விகள் கேட்டு எழுதிக்கொள்வது பங்குக் குருவின் கடமை. இந்த விவாகத்துக்கு மனம் ஒப்பி வருகிறாயா, யாரேனும் உன்னைக் கட்டாயப்படுத்துகிறார்களா என்பது அக்கேள்விகளுள் ஒன்று.

இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் பெரும்பாலும் என்ன நடக்கிறது என்று சொல்லட்டுமா? பெண் தலையைக் குனிந்துகொள்கிறாள். கதவுக்கு வெளியே நிற்கும் தகப்பனார், அதெல்லாம் சம்மதந்தான் சாமி, எழுதிக்கொள்ளுங்கள் என்கிறார். கேள்வி ஒருவருக்கு, பதில் மற்றொருவரிடமிருந்து! நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மறுபடியும் அந்தப் பெண்ணிடமே கேட்பது வழக்கம். சிலருக்கு இது மனவருத்தமாக இருக்கிறது. பெற்றவர்கள் சம்மதித்த பிறகு சாமியார் இப்படிக் குடைந்து கேட்பானேன் என்று முணுமுணுக்கிறார்கள்.

அவர்களுக்குப் பதிலாக இந்த வாரம் ஒரு வரலாற்றைச் சொல்லப் போகிறேன். இது ஓர் அர்ச்சியசிஷ்டவளின் சரித்திரமன்று. நம் வேதத்தைச் சேர்ந்தவருமல்லர். ஆயினும் சம்மதம் என்ற சொல்லின் பொருளை நம் தேசம் முழுவதும் யோசிக்கும்படி செய்த பெண்மணி அவர். பெயர் ருக்மாபாய்.

பதினொரு வயது மணப்பெண்

அந்நாளில் பம்பாய் என்று வழங்கிய நகரத்தில் 1864ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் ஜனார்த்தன் பாண்டுரங்கர், தாயார் ஜெயந்திபாய். தச்சுத் தொழிலுக்குரிய சுதார் என்னும் சமூகத்தார். ஆனால் வசதியுள்ள குடும்பம். தாயாருக்குப் பதினான்கு வயதில் கலியாணம், பதினைந்தில் குழந்தை, பதினேழில் கைம்மை. இந்த மூன்று எண்களையும் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். இன்று பள்ளி இறுதி வகுப்பில் படிக்கிற வயதில் ஒரு பெண்ணின் வாழ்க்கை தொடங்கி முடிந்தே போய்விட்டது.

அவர்களுடைய சமூகத்தில் கைம்பெண் மறுவிவாகம் செய்துகொள்ள வழக்கம் இடம் தந்தது. அதனால் சில ஆண்டுகள் சென்றபின் ஜெயந்திபாய், டாக்டர் சகாராம் அர்ஜுன் என்பவரை மணந்துகொண்டார். அவர் பம்பாயில் பேர்பெற்ற மருத்துவர். தாவர நூலிலும் வல்லவர். மறுமணம் செய்துகொள்ளும் முன் ஜெயந்திபாய் முதல் கணவர் வழிவந்த சொத்தைத் தம் மகள் பேருக்கு எழுதி வைத்தார். இந்தச் சொத்து பின்னால் வழக்கில் பெரிய பேச்சாக வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ருக்மாபாய்க்குப் பதினொரு வயதானபோது கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை தாதாஜி பிகாஜி, வயது பத்தொன்பது, சிற்றப்பாவுக்கு உறவுக்காரர், ஏழை. அவர் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்து, மாமனார் செலவில் படித்து முன்னுக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. கெட்ட எண்ணத்தால் செய்த ஏற்பாடு என்று சொல்வதற்கில்லை. பெண் நம் கண்முன்னேயே இருப்பாள், பையனும் படிப்பான் என்றுதான் பெரியவர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள். நல்ல மனமுள்ள பெரியவர்கள்தாம். ஆனால் அந்தக் கணக்கில் பெண்ணின் மனம் என்று ஓர் எண் இல்லவே இல்லை. பதினொரு வயதுக் குழந்தையிடம் கேட்பதற்குத்தான் என்ன இருக்கிறது?

கணக்குத் தவறிப் போயிற்று. தாதாஜிக்குப் படிப்பு ஏறவில்லை. மாமனார் வீட்டுக் கட்டுப்பாடு பிடிக்கவில்லை. அவர் தம் தாய்மாமன் வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டார். உடல்நலமும் கெட்டது. ருக்மாபாய் பருவமடைந்தபோது, வழக்கப்படி கணவனோடு அனுப்பிவிட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. மருத்துவரான சகாராம் அர்ஜுன் அதற்கு இடங்கொடுக்கவில்லை. சிறுமியின் உடல் என்ன ஆகும் என்பதை அறிந்தவர் அவர்.

இப்படியே ஆண்டுகள் ஓடின. பெண் தாயோடும் சிற்றப்பாவோடும் வளர்ந்தாள். மிஷன் நூலகம் ஒன்றிலிருந்து புத்தகங்களைத் தருவித்து வீட்டிலேயே ஆங்கிலம் கற்றாள். வீட்டுக்கு வந்துபோகும் சீர்திருத்தவாதிகளின் பேச்சைக் கேட்டாள். அறிவு வளர வளர ஒன்று அவளுக்குத் தெளிவாயிற்று: தன் பெயரால் ஓர் உடன்படிக்கை நடந்திருக்கிறது, அதில் தான் எந்தச் சொல்லும் கொடுக்கவில்லை.

நீதிமன்றத்தின் வாசலில்

1884ஆம் ஆண்டு தாதாஜி வக்கீல் மூலம் கடிதம் அனுப்பினார். மனைவியைத் தம்மோடு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். ருக்மாபாய் மறுத்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. தாதாஜி பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தாம்பத்திய உரிமையை மீட்டுத் தர வேண்டுமென்று வழக்குத் தொடர்ந்தார்.

வழக்கு நடந்த காலத்தில், 1885இல், சகாராம் அர்ஜுன் காலமானார். தாங்கி நின்ற தூண் சாய்ந்தது. அந்த ஆண்டிலேயே ருக்மாபாய், ஓர் இந்துப் பெண் என்ற புனைபெயரில், டைம்ஸ் ஆஃப் இந்தியா பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். சிறு வயது விவாகத்தால் பெண்ணின் படிப்பும் உடலும் மனமும் எப்படிச் சிதைகின்றன, கைம்பெண்ணின் நிலை எவ்வளவு கொடியது என்பவையே அவற்றின் பொருள். எழுதியவர் யார் என்று அப்போது வாசகர்களுக்குத் தெரியாது.

1885 செப்டம்பரில் வழக்கு நீதிபதி பின்ஹே முன் வந்தது. அவர் தாதாஜியின் வழக்கைத் தள்ளிவிட்டார். அறியாத வயதில் மணம் செய்து வைக்கப்பட்டு, ஒருநாளும் கணவனோடு கூடி வாழாத பெண்ணை, இப்போது அவள் விருப்பத்துக்கு விரோதமாக அனுப்புவது கொடுமை என்பது அவர் தீர்ப்பின் சாரம். இங்கிலாந்தில் இத்தகைய வழக்குகள் உண்டுதான். ஆனால் அங்கே வயது வந்தவர்கள் தாங்களே சம்மதித்துச் செய்துகொண்ட விவாகத்தைப் பற்றியவை அவை. அந்தச் சட்டத்தைக் குழந்தை விவாகத்தின்மேல் ஏற்றலாகாது. இந்து தர்ம சாஸ்திரத்திலும் இப்படி ஒரு வழக்குக்கு ஆதாரமில்லை என்று அவர் எடுத்துக் காட்டினார்.

தேசம் இரண்டாகப் பிரிந்தது. பெஹ்ராம்ஜி மலபாரி என்னும் பார்சிப் பத்திரிகாசிரியர் முதலிய சீர்திருத்தவாதிகள் தீர்ப்பை வரவேற்றனர். பால கங்காதர திலகரின் பத்திரிகைகள் எதிர்த்தன. நம் வழக்கங்களில் அந்நிய சர்க்காரின் நீதிபதி எப்படித் தலையிடலாம் என்பது அவர்கள் கேள்வி. அடிமைப்பட்ட நாட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு நியாயம் இருந்தது. அதை நாம் மறைக்கக்கூடாது. ஆனால் இரு கட்சிக்காரரும் உரக்கப் பேசிய அந்த இரைச்சலில், வீட்டுக்குள் இருந்த பெண்ணின் குரலைக் கேட்டவர்கள் சிலரே.

தாதாஜியின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தாமே வெளியிட்ட ஒரு சிறு நூலில் அவர் தம் கட்சியை விளக்கினார். சொத்துக்காகவே தம் மனைவியை அவளுடைய வீட்டார் தம்மிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவருடைய வாதம். ருக்மாபாய் அதை மறுத்து எழுதினார். அந்த மனிதரும் இந்த ஏற்பாட்டில் சிக்கியவர்தாம். பத்தொன்பது வயதில் பிறர் வீட்டில் கொண்டுபோய் வைக்கப்பட்ட ஏழைப் பையன். அவரை அரக்கனாக்கிவிட்டு நாம் நல்லவர்களாகிவிட முடியாது.

மேல் முறையீட்டில் 1886ஆம் ஆண்டு தலைமை நீதிபதி சார்ஜெண்டும் நீதிபதி பெய்லியும் பின்ஹேயின் தீர்ப்பைத் தள்ளிவிட்டார்கள். இந்து சட்டப்படி விவாகம் செல்லும். ஆகவே வழக்கும் நடக்கும் என்றார்கள். மறுபடியும் விசாரணை. 1887 மார்ச் 4ஆம் தேதி நீதிபதி ஃபாரன் தீர்ப்பளித்தார். ருக்மாபாய் ஒரு மாதத்துக்குள் கணவன் வீட்டுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை.

இருபத்திரண்டு வயதுப் பெண். தலைக்குமேல் சட்டம், சுற்றிலும் சமூகத்தின் ஏச்சு. அவர் சொன்ன பதில், சிறைக்குப் போகிறேன், அந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்பதே. தப்பிக்க வழி தேடவில்லை, ஒளிந்துகொள்ளவுமில்லை. தண்டனையை ஏற்கத் தயார், கொடுக்காத சம்மதத்தைக் கொடுத்ததாக நடிக்கத் தயாரில்லை என்று நின்றார்.

வேரை விட்டுக் கனியைப் பறித்த சட்டம்

பிரியமான வாசகரே, இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொண்டு, நாம் கவனிக்க வேண்டிய ஒரு காரியத்தைச் சொல்கிறேன். இதெல்லாம் பிற சமயத்தார் வழக்கம், நமக்கென்ன என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள நமக்கு இடமில்லை.

ருக்மாபாயைச் சிறைக்கு அனுப்பப் பார்த்த அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இந்து சாஸ்திரத்திலிருந்து அன்று. இங்கிலாந்தில் விவாக வழக்குகளைச் சபை நீதிமன்றங்கள் விசாரித்த காலத்தில் பிறந்தது அது. கணவனோ மனைவியோ தக்க காரணமின்றிப் பிரிந்து போனால், திரும்பிச் சேர்ந்து வாழும்படி சபை நீதிமன்றம் கட்டளையிடும். 1857ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த அதிகாரம் அங்கே சிவில் நீதிமன்றத்துக்குப் போயிற்று. பிறகு இந்தியாவிலும் அந்த வழக்கைத் தொடரலாம் என்று 1867இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புக் கூறிற்று. ஆகவே அந்த ஆயுதம் செய்யப்பட்டது கிறிஸ்தவர்களின் பட்டறையில்.

இன்னொரு விந்தை. கட்டளைக்குக் கீழ்ப்படியாதவர்களைச் சிறையிலடைக்கும் அதிகாரத்தை இங்கிலாந்து 1884ஆம் ஆண்டிலேயே எடுத்துவிட்டது. தாதாஜி வழக்குத் தொடர்ந்த அதே ஆண்டு! தங்கள் ஊரில் வேண்டாமென்று விட்டதை இங்கே மூன்று ஆண்டுக்குப்பின் ஒரு பெண்ணின்மேல் செலுத்தினார்கள்.

ஆனால் இதைவிடப் பெரிய பிசகு ஒன்று உண்டு. திருச்சபைச் சட்டத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து வாழும் கடமை எதிலிருந்து பிறக்கிறது? அவர்கள் இருவரும் மனமாரக் கொடுத்த சம்மதத்திலிருந்து. விவாகத்தை உண்டாக்குவது சம்மதமே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மூன்றாம் அலெக்சாந்தர் பாப்பரசர் காலத்தில் உறுதிப்பட்ட இந்தப் போதனை இன்றுவரை மாறவில்லை. 1563இல் திரிதெந்தீன் சங்கம், குருவும் சாட்சிகளும் முன்னிற்க வேண்டும் என்று கட்டளையிட்டபோதும், பெற்றோரின் இசைவு இல்லையென்பதால் மட்டும் விவாகம் செல்லாது என்று சொல்வோரைக் கண்டித்தது. தம் கீழுள்ளவர்களை இன்னாரைக் கட்டு என்று நிர்ப்பந்திக்கும் பிரபுக்களையும் அதிகாரிகளையும் சபைக்குப் புறம்பாக்குவதாகவும் எச்சரித்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் இதையே சொல்கிறது: மணமக்களின் சம்மதம் விவாகத்தை ஆக்குகிறது, அந்தச் சம்மதத்தை அவர்களுக்குப் பதிலாகத் தர எந்த மனித அதிகாரத்துக்கும் வல்லமையில்லை.

எந்த மனித அதிகாரத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். தகப்பனுக்கும் இல்லை, தாய்மாமனுக்கும் இல்லை, நீதிபதிக்கும் இல்லை. மேற்றிராணியாருக்கும் பாப்பரசருக்குங்கூட இல்லை.

சம்மதம் வேர்; சேர்ந்து வாழும் கடமை அதன் கனி. பம்பாயில் நடந்ததென்ன? வேரை விட்டுவிட்டுக் கனியை மட்டும் பறித்து வந்து, வேறொரு மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். நீதிபதி பின்ஹே இதைக் கண்டுகொண்டார். மற்ற நீதிபதிகள் எழுத்தைப் பார்த்தார்கள்.

வழக்கு முடிந்த விதம்

ருக்மாபாய் சிறைக்குப் போகவில்லை. மேல்முறையீட்டுக்கு ஏற்பாடு நடந்தது. அவருக்குத் துணையாகப் பம்பாயிலும் இங்கிலாந்திலும் பலர் முன்வந்தார்கள். விக்டோரியா மகாராணியார் தம் ஆணையால் அந்த விவாகத்தை ரத்துச் செய்தார் என்று இன்றும் சிலர் கதை சொல்வதுண்டு. உண்மை அவ்வளவு அழகானதன்று. 1888 ஜூலையில் இரு தரத்தாரும் சமரசம் செய்துகொண்டார்கள். தாதாஜி இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு தம் கோரிக்கையை விட்டார். அவ்வளவுதான். கேட்கப்படாத ஒரு கேள்விக்காக நான்கு ஆண்டு வழக்காடி, கடைசியில் பணம் கொடுத்துத்தான் அந்தப் பெண் தன்னை மீட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அதன்பின் அவர் மருத்துவம் படிக்க விரும்பினார். பம்பாயில் காமா மருத்துவமனையில் பணிசெய்த எடித் பீச்சி என்ற பெண் மருத்துவர் முதலியோர் ஊக்கமளித்தார்கள். 1889இல் கப்பலேறி, லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1894இல் தேர்ச்சி பெற்று, தாயகம் திரும்பினார். சூரத் நகரத்தில் பெண்கள் மருத்துவமனையை ஏற்று நடத்தினார். பின்னர் ராஜ்கோட்டிலும் பணிசெய்தார். முப்பத்தைந்து ஆண்டுக்குக் குறையாத ஊழியம். நம் நாட்டில் மருத்துவத் தொழில் நடத்திய முதல் பெண்களுள் ஒருவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. தாமே பதினொரு வயதில் மணப்பெண்ணாக நின்றவர், சிறு வயதில் தாயாகி நலிந்து வந்த எத்தனையோ பெண்களின் கட்டிலருகே நின்றார். அவர்களைப் பார்த்தபோதெல்லாம் தம் தாயின் பதினைந்து வயது நினைவுக்கு வந்திருக்காதா?

இன்னொன்றையும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1904இல் தாதாஜி இறந்த செய்தி வந்தபோது, ருக்மாபாய் கைம்பெண்ணுக்குரிய வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டாராம். ஏன் அப்படிச் செய்தார் என்று பலர் பலவாறு சொல்வார்கள். அவர் மனத்தை அறிந்தவர் சர்வேசுரன் ஒருவரே. ஆனால் ஒன்று நமக்கு விளங்குகிறது. அவர் விவாகத்தை ஏளனம் செய்தவரல்லர். அந்த மனிதரின்மேல் வன்மம் வைத்தவருமல்லர். வேறு விவாகமும் அவர் செய்துகொள்ளவில்லை. கேளாமல் செய்ததை ஏற்க முடியாது என்பது ஒன்றே அவருடைய வழக்கு.

1955 செப்டம்பர் 25ஆம் தேதி, தொண்ணூறு வயதில் அவர் காலமானார்.

சட்டம் நடந்த தூரம்

அவர் வழக்கு மூட்டிய விவாதம் வீண்போகவில்லை. உடலுறவுக்குச் சம்மத வயதைப் பெண்ணுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் 1891இல் வந்தது. அதற்குச் சற்று முன்பு கல்கத்தாவில் ஒரு சிறுமி கணவனாலேயே உயிரிழந்த கொடுமையும் அதற்கு ஒரு காரணம். தாம்பத்திய வழக்கில் கீழ்ப்படியாதவரைச் சிறைக்கு அனுப்பும் விதி 1923இல் நீக்கப்பட்டது. 1929இல் சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று விவாக வயதை வரையறுத்தது. 1978இல் அது பதினெட்டும் இருபத்தொன்றும் ஆயிற்று. 2006ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தை விவாகத்தை இன்னும் கடுமையாகத் தடுத்தது.

ஆனாலும், ருக்மாபாயை அலைக்கழித்த அந்த வழக்கு நம் சட்டப் புத்தகத்தைவிட்டுப் போய்விடவில்லை. இங்கிலாந்து 1970இல் அதை ஒழித்தது. நாமோ 1955ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவே எழுதினோம். கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது உண்டு. 1983இல் ஆந்திர உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது; மறு ஆண்டே உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. சிறைதான் இல்லையே தவிர, நீதிமன்றக் கட்டளையால் மனத்தைச் சேர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கத்தான் செய்கிறது.

நம் வீடுகளுக்கு

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

நம் பங்கில் பதினொரு வயதில் யாரும் பெண் கொடுப்பதில்லை. எல்லாம் பதினெட்டுக்கு மேல்தான். படித்த பெண்கள், சம்பாதிக்கும் பெண்கள். ஆனால் வயது வந்துவிட்டால் மட்டும் சம்மதம் வந்துவிடுமா? நீ மாட்டேன் என்றால் நான் உயிரோடு இருக்கமாட்டேன் என்று தாய் அழுகிறாள். பத்திரிகை அச்சடித்தாயிற்று, சத்திரம் பேசியாயிற்று, இனி என்ன பேச்சு என்று தகப்பன் கோபிக்கிறார். உனக்குப்பின் இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள் என்று பாட்டி நினைவூட்டுகிறாள். பெண் வாயைத் திறப்பதில்லை. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நாமும் ஒரு பழமொழியைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். சம்மதத்துக்கு மட்டுமா மௌனம்? பயத்துக்கும் அதுதானே அறிகுறி!

பலாத்காரத்தாலோ, வெளியிலிருந்து வரும் கடும் அச்சத்தாலோ செய்யப்படும் விவாகம் செல்லாது என்பது திருச்சபைச் சட்டம். கத்தியைக் காட்டினால்தான் அச்சம் என்பதில்லை. பெற்றோர்மேலுள்ள மரியாதையே அச்சமாக மாறி, மறுக்க முடியாதபடி நெருக்குமானால், அதையும் திருச்சபை நீதிமன்றங்கள் எடைபோட்டுப் பார்க்கின்றன. கோவிலில் பூமாலையும் பாட்டுமாக நடந்த கலியாணம், சில ஆண்டுகள் கழித்து மேற்றிராசன நீதிமன்றத்தில் கண்ணீரோடு ஆராயப்படுவதைக் குருக்களாகிய நாங்கள் அறிவோம். அன்று ஒரு நாள் பொறுமையாகக் கேட்டிருந்தால் அந்தக் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

மகன்களையும் மறந்துவிடாதீர்கள். சீர்வரிசைக்கும் நகைக்கும் ஆசைப்பட்டு, அவன் மனம் எங்கோ இருக்க, தலையைப் பிடித்து மணவறையில் உட்கார வைப்பதும் இதே பாவந்தான். தாதாஜியையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லையே!

பெற்றோர் வரன் பார்க்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தேடுங்கள், விசாரியுங்கள், அநுபவத்தைச் சொல்லுங்கள். அது உங்கள் கடமை, பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் தேடிக் கொடுப்பது வேறு, சம்மதம் கொடுப்பது வேறு. முன்னது உங்களுடையது. பின்னது அவர்களுடையது. கேட்கும்போது, இல்லை என்று சொல்லவும் இடம் வைத்துக் கேளுங்கள். இல்லை என்று சொல்ல முடியாத இடத்தில் ஆம் என்ற சொல்லுக்கு விலையில்லை. பத்திரிகை அச்சடிக்கும் முன் கேளுங்கள். தனியே கேளுங்கள். ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள்.

இளைஞரே, இளம் பெண்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ருக்மாபாயின் கதையைக் காட்டி, பிடிக்காவிட்டால் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொடுத்த வார்த்தையை அவர் மீறவில்லை. கொடுக்கவே இல்லாத வார்த்தைக்குக் கட்டுப்பட மறுத்தார். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. நீங்களோ பீடத்தின் முன் நின்று, சாட்சிகள் கேட்க, உங்கள் வாயால் சம்மதம் சொல்லப் போகிறீர்கள். சுகத்திலும் நோயிலும், நிறைவிலும் குறைவிலும் அந்தச் சொல் உங்களைக் கட்டும். ஆகையால் சொல்லும் முன் யோசியுங்கள். மனம் ஒப்பாவிட்டால், கலியாணத்துக்கு முந்தின நாள் ஆனாலும் என்னிடம் வந்து சொல்லுங்கள். சாப்பாட்டுப் பந்தல் வீணாய்ப் போகட்டும். ஓர் ஆயுள் வீணாக வேண்டாம். உங்கள் பெற்றோரிடம் நான் பேசுகிறேன்.

அடுத்த வாரம் மூன்று ஜோடிகளுக்கு முதல் ஓலை வாசிக்க இருக்கிறோம். அவர்கள் விசாரணைக்கு வரும்போது, உடன் வரும் பெரியவர்கள் தயவுசெய்து வெளித் திண்ணையிலேயே இருக்கவும். கதவைச் சாத்துகிறேனே என்று வருத்தப்பட வேண்டாம். உள்ளே நான் கேட்கும் கேள்வி, பதினொரு வயதில் ருக்மாபாயிடம் யாரும் கேட்காத கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் உரிமையைப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் தந்தவர் சர்வேசுரன். அதை நாம் எடுத்துக்கொள்ளாதிருப்போமாக.

உங்கள் பங்குக் குரு